சூட்டுக்கோல் ஓவியமும் நீல ரெசினும்: நகைப்பெட்டி மூடியில் நிறம் கோட்டைத் தாண்டிவிட்டது

#1 தாழம்பூ, நாகர்கோவில்

வணக்கம். தை மாதம் என் தங்கைக்குத் திருமணம். சீர்வரிசையோடு வைக்க என் கையாலேயே ஒரு நகைப்பெட்டி செய்து தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எங்கள் தெருத் தச்சர் மலைவேம்புப் பலகையில் பெட்டியைச் செய்து கொடுத்தார். நீளம் 10 அங்குலம், அகலம் 7, மூடியின் கனம் 18 மி.மீ. மூடியில் ஒரு தாமரைக்குளத்தைச் சூட்டுக்கோலால் மரத்தைக் கருக்கி வரைந்தேன். பதினோரு இரவு வேலை. இலைகளின் நரம்புகள், ஒரு மொட்டு, விரிந்த பூ இரண்டு, கரையில் ஒற்றைக்காலில் ஒரு நாரை. நீர் இருக்க வேண்டிய இடத்தை உளியால் 4 மி.மீ. ஆழம் குடைந்து, நீலம் கலந்த எபாக்சி ரெசினை (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசின்) ஊற்றிவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால், குளத்தின் இரண்டு முனைகளிலும் நீலம் கரை தாண்டி அரை அங்குலம் வரை மரத்துக்குள் ஓடியிருக்கிறது. நாரையின் கால் நீலமாகிவிட்டது. கருக்கிய கோடு கெட்டியாக இருப்பதால் அதுவே அணை போல நிறத்தைத் தடுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். நீருக்குள் நூற்றுக்கணக்கில் சிறு குமிழிகள். நான்கு நாள் கழித்துப் பெட்டியின் மேல் வைத்தபோது மூடி தெற்றுகிறது. நீளவாட்டு ஓரங்கள் இரண்டும் மேல்நோக்கி எழும்பியிருக்கின்றன.

இதைக் காப்பாற்ற வழி உண்டா? இல்லையென்றால் அடுத்த மூடியில் எதை மாற்ற வேண்டும்? இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது.

#2 உளிச்சத்தம், காரைக்குடி

அம்மா, பதினோரு இரவு வேலை என்று படித்ததும் மனம் கனத்துவிட்டது. முதலில் காரணத்தைச் சொல்கிறேன்.

மரம் என்பது நெருக்கிக் கட்டிய வைக்கோல் கட்டு. மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிய அதே குழாய்கள்தாம் பலகையின் நீளவாட்டில் படுத்திருக்கின்றன. நீங்கள் குளத்தைக் குடைந்தபோது இரண்டு முனைகளிலும் அந்தக் குழாய்களின் வாயைத் திறந்துவிட்டீர்கள். தண்ணீரை உறிஞ்சியது போலவே அவை நீல ரெசினையும் உறிஞ்சின. பக்கவாட்டில் நிறம் அவ்வளவாக ஓடியிருக்காது, பாருங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையில்தான் ஓடியிருக்கும்.

மலைவேம்பு வேகமாக வளரும் மரம், துளைகள் பெரியவை. ஒட்டுப்பலகைக்கு மிக நல்லது. நிறம் ஊற்றும் வேலைக்கு இதைவிடச் சிரமம் தரும் பலகை குறைவு.

கருகிய கோட்டை அணை என்று நினைத்ததில்தான் தவறு நேர்ந்தது. சூட்டுக்கோல் மேற்பரப்பை மட்டுமே கருக்கும். நிறம் ஓடிய குழாய்களோ அதற்குக் கீழே 2, 3 மி.மீ. ஆழத்தில் இருக்கின்றன. அது வெறும் கோடு. அதற்கு அடியில் சுவர் கிடையாது. சுவரை நாம்தான் எழுப்ப வேண்டும். குடைந்த பள்ளத்தின் உட்புறம் முழுவதும், முக்கியமாக வெட்டுமுனைகளில், நிறமில்லாத ஒரு பூச்சைக் கொடுத்து அந்த வாய்களை அடைத்துவிட்டு, அது காய்ந்த பிறகே நிற ரெசினை ஊற்ற வேண்டும். மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) இரண்டு கை பூசலாம். அல்லது நிறம் கலக்காத ரெசினையே தூரிகையால் மெல்லியதாகத் தடவலாம்.

இந்த மூடியைக் காப்பாற்ற முடியாது. இழைப்புளி போட்டால் நீலம் போகும், நாரையும் போய்விடும். தூக்கி எறியாதீர்கள், சோதனைப் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

#3 ஈரக்காற்று, சென்னை

குமிழிகளைப் பற்றி நான் சொல்கிறேன். ஆறு ஆண்டுகளாகக் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உட்கார்ந்து ரெசின் ஊற்றுகிறேன். இந்த ஊர்க் காற்று எனக்கு எல்லாப் பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டது.

குமிழி இரண்டு வழியாக வரும். ஒன்று, கலக்கும்போது நாம் அடித்துச் சேர்க்கும் காற்று. மெதுவாக, குச்சியை மேலே தூக்காமல், மூன்று நிமிடம் கலக்குங்கள். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலந்துவிட்டு, வேறு ஒரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டியிருக்கும் கலவாத ரெசின்தான் பிறகு பிசுபிசுப்பான திட்டுகளாக நிற்கும்.

இரண்டாவது, மரத்திலிருந்தே வரும் காற்று. உங்களுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான். ரெசின் இறுகும்போது சூடாகும்; அந்தச் சூட்டில் துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து மேலே வரும். உளிச்சத்தம் ஐயா சொன்ன நிறமில்லாப் பூச்சு இதையும் தடுக்கும். பலகையைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, அது ஆறத் தொடங்கும் வேளையில் ஊற்றுவது இன்னொரு வழி. ஆறும்போது மரம் காற்றை வெளியே தள்ளாது, உள்ளே இழுக்கும். காலை பத்து மணி வெயில் ஏற ஏற ஊற்றினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். நான் மாலையில்தான் ஊற்றுவேன்.

ஊற்றிய பின் மேலே நிற்கும் குமிழிகளை ஹீட் கன் அல்லது கேஸ் டார்ச் சுடரால் விலகி நின்று ஒரே வீச்சில் தடவினால் உடையும். ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது.

ஒரு கேள்வி: அளவை எப்படி எடுத்தீர்கள்? தராசிலா, கோப்பையின் கோடு பார்த்தா?

#4 தாழம்பூ, நாகர்கோவில்

இருவருக்கும் நன்றி. ரெசின் இரண்டு பங்குக்கு அதை இறுக்கும் ஹார்டனர் ஒன்று என்று பாட்டிலில் போட்டிருந்தது. சமையலறைத் தராசில் 60 கிராம், 30 கிராம் என்று நிறுத்துக் கலந்தேன். ஐயா சொன்னது போலப் பார்த்தேன். பக்கவாட்டில் நிறம் ஓடவே இல்லை, ரேகை வழியாக மட்டும்தான் ஓடியிருக்கிறது.

#5 ஈரக்காற்று, சென்னை

அந்த இரண்டுக்கு ஒன்று கன அளவா, எடையா என்று தாளில் பாருங்கள். கன அளவு என்றால் அதை அப்படியே தராசில் வைக்கக் கூடாது. பொதுவாக ஹார்டனர் ரெசினைவிட இலேசானது. எடையில் நிறுத்தால் தேவைக்கு அதிகமாக ஹார்டனர் விழுந்துவிடும். வண்ணப்பூச்சில் கூடுதலாக ஒரு சொட்டு விட்டால் சீக்கிரம் காயும் என்பார்களே, அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. இது காய்வதில்லை. இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுகின்றன. ஒன்று கூடினால் மிச்சம் அப்படியே உள்ளே தங்கி, பரப்பு என்றைக்கும் நகம் பதியும்படி இருக்கும்.

ஐப்பசி மழையில் ஊற்றியிருக்கிறீர்கள். மேற்பரப்பில் எண்ணெய் தடவியது போல ஒரு வழவழப்பு இருந்தால், அது ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கிய படலம். உப்புத்தாள் போடுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், கரைந்துவிடும். துடைக்காமல் தேய்த்தால் எங்கும் அப்பிக்கொள்ளும், அடுத்த பூச்சும் ஒட்டாது.

#6 புகைக்கோடு, தஞ்சாவூர்

ரெசினைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். பதினோரு இரவு போனது சூட்டுக்கோலில் அல்லவா? அதைப் பற்றியும் நாலு வார்த்தை.

தாழம்பூ அக்கா, அடுத்த மூடிக்கு மரத்தை மாற்றுங்கள். என் முதல் தேர்வு வெட்பாலை. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறமாகுமே, அதே மரம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்துப் பொம்மைகளும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகா பொம்மைகளும் இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. தந்தம் போல வெளுப்பு, துளை கண்ணுக்குத் தெரியாத நெருக்கம். சூட்டுக்கோல் அதில் பேனா போல ஓடும். ஆனால் சிறிய மரம், 7 அங்குல அகலத்துக்கு ஒரே பலகை கிடைப்பது அரிது. இரண்டு மூன்று துண்டுகளை ஒட்ட வேண்டியிருக்கும். அது முடியாவிட்டால் குமிழ் மரம் வாங்குங்கள். வெளிர் மஞ்சள், இழைத்தால் பளபளக்கும், ஈரத்துக்கு அதிகம் வளையாது. தேக்கு அழகுதான், ஆனால் அதன் நிறமே பழுப்பு. மெல்லிய சாயைகள் அதில் தெரியாது. அதன் இயற்கை எண்ணெய் ரெசின் ஒட்டுவதையும் கெடுக்கும். தேக்கில்தான் செய்வேன் என்றால் ஊற்றுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்தாக வேண்டும்.

எம்.டி.எஃப். பலகையிலும் (மரநார்களைப் பசையோடு அழுத்திச் செய்தது) ஒட்டுப்பலகையிலும் சூட்டுக்கோலை வைக்கவே வேண்டாம். அவற்றின் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். சுடும்போது அந்தப் புகையைத்தான் குனிந்து மூச்சிழுப்போம். ஈயம் பற்றவைத்த பழைய சால்டரிங் கோலைச் சூட்டுக்கோலாக மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முனையை மாற்றாமல் அப்படிச் செய்யாதீர்கள், ஈயம் மரத்திலும் புகையிலும் கலக்கும்.

வரைவதற்கு முன் 320 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழுந்து நிற்கும் மரநார்களை மறுபடி தேய்த்துவிடுங்கள். பிறகு முனை தடுக்காது. மரம் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பழுப்பேறத் தொடங்கும். நாம் அவசரத்தில் முனையைச் செக்கச்சிவக்க ஏற்றிவிடுகிறோம். அப்போது கோடு கருப்பாகும், ஓரம் தீய்ந்து மங்கும். சூட்டைக் குறைத்து, ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை போய் நிறத்தை ஏற்றினால் கூர்மை நிற்கும். கோட்டைத் தொடங்கும்போது முனை மரத்தில் படுவதற்கு முன்பே கை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கத்தில் ஒரு கரும்புள்ளி விழும்.

ரெசினோ ஷெல்லாக்கோ மேலே ஏறியதும் மரம் முழுவதும் ஒரு படி கருக்கும். வெறும் பலகையில் இலேசாகத் தெரிந்த பொன்பழுப்புச் சாயை அப்போது காணாமல் போகலாம். இறகின் மெல்லிய நிழல்களை எல்லாம் ஒரு பங்கு அழுத்தமாகவே இடுங்கள்.

#7 உளிச்சத்தம், காரைக்குடி

தஞ்சைத் தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். சுட்டு முடித்ததும் கோடுகளில் கரித்தூள் தங்கியிருக்கும். மென்மையான பல்துலக்கும் தூரிகையால் ரேகையின் போக்கில் துடைத்து எடுத்துவிட்டுப் பூச்சுக்குப் போங்கள். அப்படியே பூசினால் தூரிகை அந்தக் கரியை இழுத்துக்கொண்டு போய் வெள்ளை இடங்களில் பூசிவிடும்.

மூடி வளைந்ததற்கு வருகிறேன். மேற்பக்கத்தின் பெரும்பகுதியை ரெசின் மூடிவிட்டது. அடிப்பக்கம் வெறும் மரம். மழைக்காலக் காற்றின் ஈரத்தை அடிப்பக்கம் குடித்து விரிந்தது, மேற்பக்கம் அப்படியே நின்றது. விரிந்த பக்கம் வெளியே புடைக்கும், ஓரங்கள் மேலே எழும். இறுகும் ரெசினின் சிறு சுருக்கமும் சேர்ந்திருக்கும். மேலே என்ன பூசினாலும் கீழேயும் பூச வேண்டும் என்று என் குருநாதர் சொல்வார். அவர் சொன்னது வார்னிஷுக்கு, ரெசினுக்கும் பொருந்துகிறது.

என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். மூடி முழுவதும் கண்ணாடி போல ரெசினை ஊற்றி மூடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. நகைப்பெட்டி தினமும் கை படும் பொருள். மரம் கீறினால் தேய்த்து எண்ணெய் விடலாம், அரக்கு பாலிஷ் போடலாம்; பேரப்பிள்ளைகூடச் சரிசெய்யலாம். ரெசின் பரப்பில் ஆழமாகக் கீறல் விழுந்தால் முழுப் பரப்பையும் தேய்த்துவிட்டு மேலே மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். சுட்ட கோட்டை விரலால் தடவினால் பள்ளம் தெரியும், அதுதான் அந்த வேலையின் உயிர். அதன் மேல் கண்ணாடியைக் கவிழ்ப்பானேன்?

#8 ஈரக்காற்று, சென்னை

ஐயா, உங்கள் மேல் பெரும் மரியாதை உண்டு, ஆனால் இதில் முழுமையாக ஒத்துப்போக முடியவில்லை. குங்குமமும் எண்ணெய்க் கையும் படும் மூடியில் திறந்த சுட்ட கோடுகள் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், துடைக்க முடியாது. முழுப்பூச்சு கொடுத்த என் பெட்டிகள் ஐந்து ஆண்டுகளாக ஈரத்துணியால் துடைத்தாலே போதும் என்று இருக்கின்றன. கீறல் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. வெயில் பட்டால் ரெசின் மஞ்சளாகும் என்பதும் உண்மை. புற ஊதாத் தடுப்புச் சேர்த்த ரெசினும் அதைத் தாமதப்படுத்தத்தான் செய்யும்.

இன்னொரு பலவீனத்தையும் நானே சொல்கிறேன். அறை வெப்பத்தில் இறுகிய ரெசின் 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனதில் ஒரு மூடியின் மேல் துணியின் நெசவு அப்படியே பதிந்துவிட்டது. மண்டபத்துக்கு எடுத்துப் போகும்போது கவனமாக இருங்கள்.

#9 கைவிரல், திருச்சிராப்பள்ளி

இந்த இழையில் இதுவரை யாரும் தோலைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் மூன்று ஆண்டுகள் வெறும் கையால் ரெசின் வேலை செய்தேன். கையில் பட்டால் தின்னரால் துடைத்துக்கொள்வேன். ஒரு நாள் மணிக்கட்டில் அரிப்பு. இரண்டு வாரத்தில் கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து எபாக்சி ஒவ்வாமை என்று உறுதிசெய்தார். ஒருமுறை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும் என்றும் சொன்னார். இப்போது யாராவது பக்கத்து அறையில் ரெசின் கலந்தாலே எனக்கு முகம் சிவக்கிறது. எனக்குப் பிடித்த வேலையை நான் இழந்துவிட்டேன்.

நைட்ரைல் கையுறை அணியுங்கள். மெல்லிய லேடெக்ஸ் கையுறை ரெசினைத் தடுக்காது. தோலில் பட்டால் தின்னரோ அசிட்டோனோ வேண்டாம், அவை ரெசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். சோப்பும் நீரும் போதும். ஒரு வாரமாவது முழுமையாக இறுக விட்ட பிறகு உப்புத்தாள் போடுங்கள். அதுவும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. தூளுக்கு என்95 முகக்கவசம் உதவும். ரெசின் ஆவிக்கு அது போதாது, கரிம ஆவி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். குழந்தைகள் தூங்கும் அறையில் ஊற்றி வைக்காதீர்கள்.

#10 மின்மினி, ஈரோடு

அண்ணன்மார்களே, சூட்டுக்கோல் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்றால், மரத்தில் உப்புநீர் தடவி, பழைய மைக்ரோவேவ் அடுப்பின் மின்மாற்றியை இணைத்தால் மின்னல் கிளைகள் போலத் தானாகவே கருகுமே? அந்தக் கிளைகளில் நீல ரெசின் ஊற்றினால் ஆறு போல இருக்கிறது. காணொளிகளில் பார்த்தேன். மின்மாற்றி வாங்கி வைத்திருக்கிறேன்.

#11 புகைக்கோடு, தஞ்சாவூர்

தம்பி, செய்யாதே. கெஞ்சிக் கேட்கிறேன். இதைச் செய்து இறந்தவர்கள் பலர்; அவர்களில் அனுபவமுள்ள மரவேலைக்காரர்களும் உண்டு. அமெரிக்க மரக்கடைசலாளர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இந்த முறையைத் தடைசெய்திருக்கிறது. அந்த மின்மாற்றி ஏறத்தாழ 2000 வோல்ட் தரும், இதயத்தை நிறுத்தப் போதுமான மின்னோட்டத்தோடு. வீட்டில் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதே என்று நினைக்காதே. மின்மாற்றியின் மறுபக்கத்தில் உன் உடல் வழியாக மின்சாரம் போவது அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது.

#12 உளிச்சத்தம், காரைக்குடி

மின்மினி, உன் வயது எனக்குத் தெரியாது. அந்த மின்மாற்றியை நாளைக்கே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு இங்கே வந்து சொல். மின்னல் கிளை வேண்டுமென்றால் சூட்டுக்கோலாலேயே வரையலாம். எப்படி என்று தம்பி புகைக்கோடு சொல்லித்தருவார்.

#13 மின்மினி, ஈரோடு

போட்டுவிட்டேன் ஐயா. உயிர் போகும் என்று காணொளியில் யாரும் சொல்லவில்லை. நாற்பது வாட் சூட்டுக்கோல் ஒன்றை வாங்கப் போகிறேன். புகைக்கோடு அண்ணா, கிளைகளை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#14 புகைக்கோடு, தஞ்சாவூர்

நன்றி தம்பி. உங்கள் தெருவில் ஒரு முருங்கை மரம் இலையுதிர்ந்து நிற்கும்போது அதை வானத்துக்கு எதிரே பார்த்து வரை. தண்டிலிருந்து நுனிக்குப் போ. நுனிக்குப் போகப் போகக் கையின் வேகத்தைக் கூட்டு, கோடு தானாக மெலியும். தனி இழை தொடங்கு, படம் போட்டுக் காட்டுகிறேன்.

#15 தாழம்பூ, நாகர்கோவில்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். இரண்டாவது மூடி முடிந்துவிட்டது.

வெட்பாலை கிடைக்கவில்லை. குமிழ்ப் பலகை வாங்கி, பரணில் இரண்டு வாரம் போட்டு வீட்டுக் காற்றுக்குப் பழக விட்டேன். இந்த முறை ஒன்பது இரவில் வரைந்தேன். சூட்டைக் குறைத்ததால் நாரையின் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கரித்தூளைத் துடைத்துவிட்டுக் குளத்தைக் குடைந்தேன். உள்ளே ஷெல்லாக் இரண்டு கை, வெட்டுமுனைகளில் மூன்றாவதாகவும் ஒரு கை. பழைய மூடியின் அடிப்பக்கத்தில் சிறு பள்ளம் குடைந்து முதலில் அதில் சோதித்தேன். ஷெல்லாக் பூசிய பாதியில் நீலம் நின்றது, பூசாத பாதியில் ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் நல்ல மூடியில் கைவைக்கும் தைரியம் வந்தது.

பாட்டிலோடு வந்த தாளில் கன அளவு என்றுதான் போட்டிருந்தது. கோடிட்ட கோப்பையில் அளந்து, மழை விட்ட ஒரு மாலையில் 2 மி.மீ. மட்டும் ஊற்றினேன். அது விரலில் ஒட்டிக்கொண்டு வராமல், ஆனால் இன்னும் பிசுபிசுப்பாக இருந்தபோது மீதி 2 மி.மீ. ஊற்றினேன். முதல் அடுக்கில் நிறத்தைக் கூட்டி, இரண்டாவதில் குறைத்ததால் குளத்துக்கு ஆழம் வந்திருக்கிறது. ஒன்பதாம் நாள் 400 எண்ணில் தொடங்கித் தண்ணீர் தொட்டு 2000 வரை தேய்த்தேன். கையுறையும் கவசமும் அணிந்தே எல்லாம் செய்தேன், கைவிரல் அண்ணா.

மொட்டுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் நெல்மணி அளவுக்கு நீலம் கசிந்திருக்கிறது. அதை மறைக்கவில்லை. நீருக்குள் மொட்டின் தண்டு நெளிவது போல இரண்டு கோடு சேர்த்துச் சுட்டேன். ரெசினில் முனை படாதபடி ஒரு தகட்டை வைத்து மறைத்துக்கொண்டேன்.

முழுப்பூச்சு கொடுக்கவில்லை. குளத்தில் மட்டும் ரெசின், மற்ற இடமெல்லாம் ஷெல்லாக்கும் தேன்மெழுகும். தங்கை கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இது நாரையின் கழுத்து என்று சொன்னாள்.

#16 ஈரக்காற்று, சென்னை

இந்த மூடிக்கு அதுதான் சரி. என் அடுத்த பெட்டியில் நானும் குளத்தோடு நிறுத்திப் பார்க்கப் போகிறேன்.

#17 உளிச்சத்தம், காரைக்குடி

மனம் நிறைந்தது அம்மா. இரண்டு கேள்விகள். மூடியின் அடிப்பக்கமும் பூசினீர்களா? கீலுக்குப் பித்தளைத் திருகாணியா?

#18 தாழம்பூ, நாகர்கோவில்

அடிப்பக்கமும் அதே அளவு பூசினேன் ஐயா, மூடி தெற்றவில்லை. பித்தளைத் திருகாணிதான். முதல் ஆணி பாதி இறங்கும்போதே தலை முறிந்துவிட்டது. பிறகு துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கித் தடம் போட்டுவிட்டு, பித்தளையை மெழுகில் தோய்த்து ஏற்றினேன். மீதி ஏழும் சரியாக இறங்கின.